நார்ச்சத்தும் பெருங்குடலும்
பர்க்கிட் கொள்கை: ஒரு திறனாய்வு

1972-ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு சிறு அட்டவணை வெளியாயிற்று. உண்ட உணவு குடலைக் கடந்து வெளியேற எத்தனை மணி நேரம் ஆகிறது, ஒரு நாளில் வெளியேறும் மலத்தின் எடை எவ்வளவு என்ற இரண்டு செய்திகளே அதில் இருந்தன. பிரிட்டிஷ் கடற்படையினருக்கும் அவர்களுடைய மனைவியருக்கும் 83 மணி, 104 கிராம். உகாண்டா நாட்டுக் கிராம மக்களுக்கு 36 மணி, 470 கிராம். இந்த இரு கோடிகளுக்கும் நடுவே, பலர் படிக்காமல் தாண்டிச் சென்ற ஒரு வரி உண்டு. தென்னிந்தியச் செவிலியர்: 44 மணி, 155 கிராம்.

டெனிஸ் பர்க்கிட், வாக்கர், பெயின்டர் ஆகிய மூவர் வெளியிட்ட இந்த அட்டவணையும், அதற்கு முந்திய ஆண்டு பர்க்கிட் 'கேன்சர்' இதழில் எழுதிய கட்டுரையும் சேர்ந்து உலகின் உணவுப் பேச்சையே மாற்றிவிட்டன. 'நார்ச்சத்து மிகுதியாக உண்டால் குடலில் புற்றுநோய் வராது' என்ற வாசகம் பாடநூல்களிலும், மருத்துவமனைச் சுவர்களிலும், பிஸ்கட் உறைகளிலும் ஏறிவிட்டது. அரை நூற்றாண்டு கடந்துவிட்ட நிலையில் இந்தக் கொள்கையில் எது நிலைத்தது, எது உதிர்ந்தது என்று பார்ப்பது நம் கடமை. அந்தத் தென்னிந்திய வரியைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது இன்னும் பொருத்தம்.

இது ஏட்டளவில் நிற்கும் விவாதம் அன்று. 2022-இல் உலகில் 19 இலட்சம் பேருக்கும், இந்தியாவில் சுமார் 70,000 பேருக்கும் புதிதாகப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் ஏற்பட்டதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. இந்தியாவின் வீதம் உலகில் தாழ்ந்த வீதங்களுள் ஒன்று. வயது வேறுபாட்டைச் சரிக்கட்டிப் பார்த்தால் இலட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து. டென்மார்க்கில் அது நாற்பதுக்கும் மேல். இந்த வேறுபாட்டில் உணவின் பங்கு எவ்வளவு என்பதே கேள்வி.

நமக்கு ஓர் உரைகல் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துச் சுசீந்திரத்தை எடுத்துக்கொள்வோம். தாணுமாலயன் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூர் பழையாற்றங்கரையில், வயல்களின் நடுவே இருக்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரு பூ நெல் விளையும் நாஞ்சில் நாட்டில், சோறும் கஞ்சியும் பழஞ்சியும்தான் தலைமுறை தலைமுறையாக வயிற்றை நிரப்பின. பழஞ்சியே குடலுக்குக் காவல் என்ற பெருமைப் பேச்சும், 'நல்ல பாக்டீரியா' அடைத்த பால் புட்டிகளும் இன்று அங்கே அருகருகே இருக்கின்றன. இரண்டையும் எடைபோட பர்க்கிட்டின் தராசு உதவுமா?

கொள்கை பிறந்த விதம்

பர்க்கிட் 1911-இல் அயர்லாந்தில் பிறந்தவர், அறுவை மருத்துவர். உகாண்டாவில் பணியாற்றியபோது, 1958-இல், குழந்தைகளின் தாடையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயை விவரித்துப் புகழ் பெற்றார். அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆப்பிரிக்கக் கிராம மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதி, எந்த நோய் எங்கே மிகுதி, எங்கே அரிது என்று கணக்கெடுப்பது அவருடைய வழக்கம். அப்படிக் கணக்கெடுத்தபோதுதான் பெருங்குடல் புற்றுநோய் அங்கு மிக அரிதாக இருப்பதைக் கண்டார். தீட்டிய மாவும் சர்க்கரையுமே மேலை நாட்டு நோய்களுக்கு வேர் என்று வாதிட்டுவந்த பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் கிளீவின் எழுத்துகள் அவர் சிந்தனைக்கு வழிகாட்டின.

பர்க்கிட் கூறிய விளக்கம் எளிமையானது. நார் குறைந்த உணவு சிறிதளவு மலத்தையே உண்டாக்குகிறது. அது குடலில் மெல்ல நகர்கிறது. அதற்குள் குடல் பாக்டீரியாக்கள் பித்தநீரிலுள்ள அமிலங்களைச் சிதைத்துத் தீங்கான பொருள்களை ஆக்குகின்றன. அளவில் சிறிய, அடர்ந்த மலத்தில் அப்பொருள்கள் செறிந்து, குடற்சுவரை நெடுநேரம் தீண்டுகின்றன. நார் மிகுந்தால் மலம் பெருகும், தீங்கான பொருள்கள் நீர்த்துப்போகும், விரைவில் வெளியேறிவிடும்.

ஆக, இந்தக் கொள்கைக்கு இரண்டு கைகள் உண்டு. ஒன்று துடைப்பம்: நார் குடலைக் கூட்டித் தள்ளுகிறது. மற்றொன்று பாக்டீரியா: உணவு மாறினால் அவற்றின் தொழிலும் மாறுகிறது. அதே 1971-இல் ஹில் என்பவரும் உடனிருந்த ஆய்வாளர்களும் பிரிட்டன், அமெரிக்கா, உகாண்டா, ஜப்பான், தென்னிந்தியா முதலிய பகுதி மக்களின் மலத்தை ஒப்பிட்டு, புற்றுநோய் மிகுந்த நாட்டினரின் மலத்தில் பித்த அமிலங்களும் அவற்றின் சிதைவுப் பொருள்களும் மிகுதி என்று காட்டினர். எனவே பர்க்கிட் பாக்டீரியாவை மறந்தார் என்று குறைகூற இயலாது. ஆனால் மக்கள் பிடித்துக்கொண்டது துடைப்பத்தைத்தான். எடைபோட எளிதாக இருந்ததும் அதுவே.

அட்டவணை சொல்வதும் சொல்லாததும்

இனி அந்த அட்டவணைக்கு வருவோம். அதன் இரு கோடிகளை மட்டும் படித்தால் கொள்கை மலைபோல் உறுதியாகத் தோன்றும். நடு வரிகளைப் படித்தால்தான் விரிசல் தெரியும்.

தென்னிந்தியச் செவிலியருக்கு 44 மணி, 155 கிராம் என்று கண்டோம். அதே அட்டவணையில் தென்னாப்பிரிக்க வெள்ளையின மாணவர்களுக்கு 48 மணி, 173 கிராம் என்று இருக்கிறது. தீட்டிய உணவை உண்டவர்கள் என்று பர்க்கிட்டே அவர்களைக் குறித்திருக்கிறார். குடலைக் கடக்கும் நேரத்திலும், மலத்தின் எடையிலும் இவ்விரு கூட்டத்தாருக்கும் வேறுபாடு அற்பம். எடையில் மாணவர்கள் ஒரு படி மேலேகூட இருக்கிறார்கள். ஆனால் பெருங்குடல் புற்றுநோய் தென்னாப்பிரிக்க வெள்ளையரிடம் மிகுதி, தென்னிந்தியரிடம் அரிது. துடைப்பக் கணக்கு மட்டுமே சரியென்றால் இது எப்படி நேரும்?

இன்னும் சில குறைகளும் உண்டு. அட்டவணையின் இரு கோடிகளிலும் அளக்கப்பட்டவர்கள் இருபது பேருக்கும் குறைவு. மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளைக் கொண்டு ஒரு நாட்டின் நோயை மதிப்பிட்டால், வர இயலாதவர்கள் கணக்கில் விடுபடுவார்கள். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்களைப் பற்றுவது. முதியோர் குறைந்த நாட்டில் அது இயல்பாகவே குறைவாகத் தென்படும். உகாண்டாக் கிராமத்தானுக்கும் பிரிட்டிஷ் கடற்படையினனுக்கும் நாரில் மட்டுமா வேறுபாடு? இறைச்சி, கொழுப்பு, உடலுழைப்பு, உடல் எடை, மது, புகை எல்லாவற்றிலும் வேறுபாடு.

ஜப்பான் இதற்கு மேலும் ஒரு சான்று. வெண்மையாகத் தீட்டிய அரிசியை உண்ட அந்நாட்டில் ஒரு காலத்தில் பெருங்குடல் புற்றுநோய் குறைவாகவே இருந்தது. ஹவாய்த் தீவுகளில் குடியேறிய ஜப்பானியரிடமோ அது ஓரிரு தலைமுறைக்குள் அமெரிக்கர் அளவுக்கு உயர்ந்தது. பின்னர் ஜப்பானிலேயே வீதம் ஏறி, இன்று மேலை நாடுகளுக்கு இணையாக நிற்கிறது. உணவும் வாழ்க்கை முறையும் காரணம் என்பது இதனால் உறுதியாகிறது. நார் ஒன்றே காரணம் என்பது உறுதியாகவில்லை.

சோதனையில் துடைப்பம்

கருதுகோள் எவ்வளவு அழகாயினும் சோதனைக்கு உட்பட வேண்டும். 2000-ஆம் ஆண்டில் இரண்டு பெரிய அமெரிக்கச் சோதனைகளின் முடிவுகள் ஒன்றாக வெளிவந்தன. பெருங்குடலில் தோன்றும் 'பாலிப்' எனப்படும் சிறு முளைகளை அகற்றிக்கொண்டவர்களே இவற்றில் பங்கேற்றனர். இம்முளைகளுள் சில பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறக்கூடியவை. அவை மீண்டும் முளைக்கின்றனவா என்பதே சோதனை.

அரிசோனாவில் ஒரு குழுவினருக்கு நாள்தோறும் கோதுமைத் தவிட்டின் மூலம் 13.5 கிராம் நாரும், மற்றொரு குழுவினருக்கு 2 கிராம் நாரும் மூன்று ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டன. முளைகள் திரும்பத் தோன்றியதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மற்றொரு சோதனையில் 2,079 பேர் பங்கேற்றனர். பாதிப்பேர் கொழுப்பைக் குறைத்து, நாரும் காய்கனிகளும் மிகுந்த உணவுக்கு மாறினர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் இரு குழுவிலும் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் முளைகள் மீண்டும் தோன்றியிருந்தன.

கொள்கையை ஆதரிப்போர் இதற்கு விடை வைத்திருக்கிறார்கள். முளை ஒன்று புற்றாக மாறப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். மூன்று நான்கு ஆண்டுச் சோதனை போதாது என்கிறார்கள். இது நியாயமான விடையே. 2003-இல் ஐரோப்பாவின் பத்து நாடுகளில் ஐந்து இலட்சம் பேரைக் கவனித்த ஆய்வில், மிகுதியாக நார் உண்டவர்களுக்கு, குறைவாக உண்டவர்களைவிட இந்நோய் 25 விழுக்காடு குறைவாக வந்தது. ஆனால் 1999-இல் 88,000 அமெரிக்கச் செவிலியரைக் கவனித்த ஆய்வில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்த உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம், நாளொன்றுக்கு 90 கிராம் முழுத்தானியம் உண்டால் இடர் ஏறத்தாழ 17 விழுக்காடு குறையும் என மதிப்பிட்டுள்ளது.

விழுக்காட்டைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது. நூறு பேரில் பதினேழு பேர் தப்பிப்பர் என்பது இதன் பொருள் அன்று. இலட்சத்துக்கு ஐந்து பேருக்கு வரும் நோய் 17 விழுக்காடு குறைந்தால், இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவாகவே குறையும். முதியோரிடம் வீதம் மிகுதியாதலால் பயனும் அங்கு மிகுதி. ஆயினும் பிஸ்கட் உறை சொல்லும் உறுதிக்கும் இந்த எண்ணுக்கும் வெகு தொலைவு.

மலத்திலிருந்து பாக்டீரியாவுக்கு

துடைப்பக் கை தளர்ந்துபோன அதே காலத்தில் மற்றக் கை வலுப்பெற்றது. 1980-இல் ரோடிகர் என்ற ஆய்வாளர், பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தங்களுக்கு வேண்டிய எரிபொருளின் பெரும்பகுதியை இரத்தத்திலிருந்து பெறுவதில்லை என்று காட்டினார். சிறுகுடலில் செரிக்காமல் வரும் நாரையும் மாவுச்சத்தையும் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்கின்றன. அப்போது உண்டாகும் பியூட்டிரிக் அமிலமே அச்செல்களின் தலையாய எரிபொருள். அதாவது, நாம் உண்ணும் நாரில் ஒரு பகுதி நமக்கு உணவாகாமல் பாக்டீரியாக்களுக்குத் தீவனமாகிறது. அவை நம் குடற்சுவருக்கு உணவூட்டுகின்றன. மாட்டுக்கு வைக்கோல் போட்டுப் பால் கறப்பது போன்ற ஏற்பாடு இது.

இந்தச் சங்கிலி மனித உடலில் உண்மையிலேயே வேலை செய்கிறதா? தெளிவான சான்றுகளுள் ஒன்று தமிழ்நாட்டில் கிடைத்தது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் காலரா நோயாளிகள் 48 பேரிடம் நடத்திய சோதனை 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வழக்கமான உப்பு சர்க்கரைக் கரைசல் ஒரு பிரிவினருக்கு. அரிசி மாவு சேர்த்த கரைசல் இன்னொரு பிரிவினருக்கு. சிறுகுடலில் எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவு சேர்த்த கரைசல் மூன்றாம் பிரிவினருக்கு. முதல் பிரிவில் வயிற்றுப்போக்கு சராசரி 91 மணி நேரம் நீடித்தது. அரிசி மாவுப் பிரிவில் 71 மணி. செரியா மாவுப் பிரிவில் 57 மணி. பெருங்குடலை அடைந்த மாவைப் பாக்டீரியாக்கள் நொதிக்க, உண்டான அமிலங்கள் உப்பையும் நீரையும் உடலுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ள உதவுகின்றன என்பதே இதன் அடிப்படை. துடைப்பக் கொள்கையால் இதை விளக்க முடியாது. இங்கு நிகழ்ந்தது கூட்டித் தள்ளுவதற்கு நேர்மாறானது.

புற்றுநோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பை 2015-இல் ஒரு துணிவான சோதனை தொட்டது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் இருபது பேருக்கும், தென்னாப்பிரிக்கக் கிராம மக்கள் இருபது பேருக்கும் இரண்டு வாரம் உணவை இடம் மாற்றிக் கொடுத்தார்கள். முன்னவர்கள் நாளொன்றுக்கு உண்ட நார் 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்ந்தது. கொழுப்பு பாதியாகக் குறைந்தது. அவர்கள் குடலில் பியூட்டிரிக் அமிலம் இரண்டரை மடங்கு பெருகியது. பாக்டீரியாக்கள் ஆக்கும் தீங்கான பித்த அமிலங்கள் 70 விழுக்காடு குறைந்தன. குடற்சுவரின் அழற்சியும் தணிந்தது. கிராம மக்களிடம் இவையெல்லாம் தலைகீழாக நடந்தன. பதினான்கே நாளில் இவ்வளவு மாற்றம்!

தீவனக் கொள்கையையும் உரைத்துப் பார்ப்போம்

துடைப்பத்தைக் கடுமையாக உரைத்துப் பார்த்துவிட்டுத் தீவனத்துக்குச் சலுகை காட்டுவது திறனாய்வு ஆகாது. இரண்டு வாரச் சோதனை அளந்தது குடலின் இரசாயனத்தை, புற்றுநோயை அன்று. கொழுப்பும் நாரும் ஒருங்கே மாற்றப்பட்டதால் எது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்லவும் இயலாது.

புற்றுநோயையே அளந்த சோதனை ஒன்றும் உண்டு. பரம்பரையாகக் குடல் புற்றுநோய் வரும் 'லிஞ்ச்' குறைபாடு உடையவர்கள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், நாள்தோறும் 30 கிராம் செரியா மாவு கொடுத்துப் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு நீண்ட சோதனையை நடத்தினர். 2012-இல் வெளியான முடிவிலும், 2022-இல் வெளியான நீண்டகாலத் தொடர் முடிவிலும் பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை. ஆனால் உணவுக்குழாய், இரைப்பை, கணையம் போன்ற பிற உறுப்புகளின் புற்றுநோய்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. எதிர்பார்த்த இடத்தில் பயன் இல்லை. எதிர்பாராத இடத்தில் பயன். ஒரு பொடியைக் கொடுத்துப் பெருங்குடலைக் காத்துவிடலாம் என்ற ஆசைக்கு இது தக்க எச்சரிக்கை.

'நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா' என்ற பங்கீடும் இதே போல் மிகையானது. வாயில் வாழும் ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா பெருங்குடல் கட்டிகளில் மிகுதியாக இருப்பதை 2011-இல் கண்டறிந்தார்கள். நம் எல்லோர் குடலிலும் வாழும் ஈ.கோலையின் சில வகைகள் கோலிபாக்டின் என்ற நஞ்சை ஆக்கி, செல்லின் டி.என்.ஏ.வில் தனி அடையாளமுள்ள சேதத்தை விளைவிக்கின்றன. 2025-இல் பதினொரு நாடுகளின் 981 புற்றுக்கட்டிகளை ஆராய்ந்தபோது, எழுபது வயதைத் தாண்டியவர்களைவிட நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் இச்சேதம் மூன்று மடங்குக்கு மேல் காணப்பட்டது. அச்சேதத்தில் ஒரு பகுதி குழந்தைப் பருவத்திலேயே நேர்ந்திருக்கக்கூடும் என்றும் கணக்கிட்டுள்ளனர். ஒரே இனத்திலேயே சாதுவும் உண்டு, கொடியதும் உண்டு. புட்டிப் பாலில் வரும் ஓரினப் பாக்டீரியா இந்தக் கூட்டத்தைச் சீர்திருத்திவிடும் என்று நம்ப ஆதாரம் இல்லை.

குடல் பாக்டீரியாவும் இடத்துக்கு இடம் மாறுபடும். 2019-இல் போபாலையும் கேரளத்தையும் சேர்ந்த 110 நலமானவர்களின் குடல் பாக்டீரியாக்களை ஒப்பிட்டார்கள். தாவர உணவு மிகுந்த போபாலில் பிரிவோடெல்லா என்ற இனம் ஓங்கியிருந்தது. அரிசியும் மீனும் இறைச்சியும் உண்ணும் கேரளத்தில் வேறு இனங்கள் ஓங்கியிருந்தன. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த நாஞ்சில் நாட்டின் அடுக்களை, பின்னதற்கே நெருக்கமானது. ஒரு நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்க, அயல்நாட்டு ஆய்வை அப்படியே நம் வயிற்றுக்குப் பொருத்துவது எங்ஙனம்?

சுசீந்திரத்துச் சாப்பாடு

இனி உரைகல்லுக்கு வருவோம். பழஞ்சியின் பெருமையில் உண்மை எவ்வளவு?

சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, செரியா மாவாகிறது. இந்தோனேசியாவில் 2015-இல் அளந்தபோது, அப்போதே வடித்த வெள்ளரிசிச் சோற்றில் நூறு கிராமுக்கு 0.64 கிராம் செரியா மாவு இருந்தது. பத்து மணி நேரம் வெளியில் வைத்து ஆறிய சோற்றில் 1.30 கிராம் இருந்தது. இரண்டு மடங்கு என்பது உண்மைதான். ஆனால் முந்நூறு கிராம் பழஞ்சியிலும் கிடைப்பது நான்கு கிராமே. சுடுசோற்றைவிட இரண்டு கிராம் மிகுதி. பழஞ்சி நல்ல உணவு. அதை மருந்தாக்க இந்த இரண்டு கிராம் போதாது.

பழஞ்சியைப் பற்றி உலவும் மற்றொரு எண்ணையும் இங்கே சொல்லியாக வேண்டும். நூறு கிராம் சோற்றில் உள்ள 3.4 மில்லிகிராம் இரும்பு, ஓர் இரவு ஊறினால் 73.91 மில்லிகிராமாகிவிடும் என்று ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரால் பரப்பப்படுகிறது. நொதித்தலால் இரும்பைப் பிணைத்திருக்கும் பொருள்கள் சிதைந்து, இருக்கும் இரும்பு உடலுக்கு எளிதில் கிடைக்கக்கூடும். இல்லாத இரும்பு பிறக்காது. பாக்டீரியா தனிமங்களைப் படைப்பதில்லை. பள்ளிக்கூட இரசாயனம் படித்த எவரும் இந்த எண்ணை நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் நாஞ்சில் நாட்டு உணவில் பெருங்குடலுக்குத் தீவனம் எங்கே இருக்கிறது? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையைக் கொண்டு கணக்கிடுவோம். நூறு கிராம் தீட்டிய அரிசியில் நார் 2.8 கிராம், தீட்டாத அரிசியில் 4.4 கிராம், முழுச் சிறுபயற்றில் 17 கிராம். ஒருவர் நாளொன்றுக்கு முந்நூறு கிராம் அரிசி உண்பதாகக் கொண்டால், தீட்டிய அரிசி தருவது எட்டரை கிராம் நார். அதை விட்டுத் தீட்டாத அரிசிக்கு மாறினால் கூடுதலாக ஐந்து கிராம் கிடைக்கும். ஆனால் அதே சோற்றுடன் ஐம்பது கிராம், அதாவது ஒரு கைப்பிடி, சிறுபயறு சேர்த்தால் கூடுதலாக எட்டரை கிராம் கிடைத்துவிடுகிறது! பருப்பாக உடைத்துத் தோலை நீக்கிவிட்டால் இந்தப் பயனில் பாதியளவு போய்விடும்.

கஞ்சியும் பயறும் என்று இணைத்துச் சொல்லும் வழக்கம் நாஞ்சில் நாட்டுக்குப் பழையது. புகழ் முழுவதும் கஞ்சிக்குப் போய்விட்டது, உழைத்ததோ பயறு. பயற்றோடு, தோலும் தசையுமாகப் பல காய் சேரும் அவியலும், கீரைத் துவரனும், சக்கைக் கொட்டையும் இருந்தபோது வெள்ளைச் சோற்றின் குறையை அவை ஈடுசெய்தன. நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் குறையாமல் நார் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. ஒரு கைப்பிடிப் பயறும் இரண்டு காய்கறித் தொடுகறியும் உள்ள சாப்பாடு அந்த அளவை எட்டிவிடும். சோறு அப்படியே இருக்க, தொடுகறி சுருங்கி, அதன் இடத்தில் பொரித்ததும் பொட்டலத்தில் வருவதும் ஏறினால் எட்டாது. இன்று நேர்ந்துகொண்டிருப்பது இந்த மாற்றமே. ஒரு புட்டியாலோ ஒரு குவளைப் பழஞ்சியாலோ இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

தீர்ப்பு

பர்க்கிட்டின் கொள்கையில் நிலைத்தவை இரண்டு. பெருங்குடல் புற்றுநோய் வாழ்க்கை முறையோடு பிணைந்தது என்றார், அது சரி. உணவு மாறினால் குடலில் பாக்டீரியாக்களின் தொழில் மாறும் என்றார், அதுவும் சரி. உதிர்ந்தவையும் இரண்டு. மலத்தின் எடையும் குடலைக் கடக்கும் நேரமும் நோயின் அளவுகோல் என்பது அவருடைய அட்டவணையிலேயே பொய்த்தது. நார் என்ற ஒரே பொருளைப் பிரித்தெடுத்துக் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் சோதனையில் தோற்றது. மேற்பட்ட பயன், பல ஆண்டுகள் உண்ணும் முழு உணவிலிருந்து, மெல்ல, ஓரளவே வருகிறது. எதைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பதோடு, எதை விலக்குகிறோம் என்பதும் கணக்கில் வரும். உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2015-இல் பன்னாட்டு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மதுவும் புகையும் உடற்பருமனும் இடரைக் கூட்டுகின்றன.

இந்தக் கொள்கை மக்களுக்குச் செய்த ஒரு தீங்கையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 'நான் பழஞ்சி குடிப்பவன், கீரை தின்பவன், எனக்கு வராது' என்ற நம்பிக்கையை அது வளர்த்துவிட்டது. மலத்தில் இரத்தம் கண்டால் 'மூலம்' என்றும் 'சூடு' என்றும் சொல்லி மோரும் இளநீரும் குடித்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நம் ஊர்களில் பலர். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் மூலமா, வேறா என்பதை உணவு சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும். இந்திய அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களையே முன்கூட்டித் தேடுகிறார்கள். பெருங்குடலைத் தேடி யாரும் வீட்டுக்கு வரப்போவதில்லை. எனவே மலத்தில் இரத்தம், சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மலப்போக்கு மாற்றம், காரணம் தெரியாத இரத்தசோகை, எடைக்குறைவு ஆகியவற்றுள் எது கண்டாலும், நெருங்கிய உறவினருக்கு இந்நோய் வந்திருந்தாலும் மருத்துவரிடம் செல்வது நம் பொறுப்பு. முளையாக இருக்கும்போதே கண்டால் உள்நோக்குக் கருவியாலேயே அதை அகற்றிவிடலாம்.

பயறும் கீரையும் உண்போம். அவை குடலுக்கு நல்லவை. இரத்தம் கண்ட அன்று அவற்றை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.